வேலூரில் விடியற்காலை நாலரைக்குத் திறக்கும் இட்லிக்கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடையின் பெயரை இதில் எழுதப் போவதில்லை. கடைக்கு வைத்திருப்பது அதை நடத்தும் கணவன் மனைவியின் மகள் பெயர். எழுதட்டுமா என்று கேட்டதற்கு அந்த அக்கா கொஞ்ச நேரம் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம், "கடையைப் பத்தி எழுதும்மா, பாப்பா பேரை மட்டும் போடாத" என்றார். அதனால் வழியை மட்டும் சொல்கிறேன். சி.எம்.சி. மருத்துவமனை எதிரில் லாட்ஜும் மருந்துக்கடையுமாக நிறைந்திருக்கும் சந்துகளில் ஒன்று. வாசலில் இரண்டு பழைய எண்ணெய் டின்களில் நித்தியகல்யாணி பூத்திருக்கும். விலைப்பலகை தமிழில், பக்கத்தில் இந்தி, அதற்குக் கீழே வங்காளம். காலை நாலரை மணிக்குப் போனால் தேடவே வேண்டாம், அந்தச் சந்தில் விளக்கு எரிவது அந்த ஒரு கடையில் மட்டும்தான்.

எனக்கு இந்தக் கடை தெரிந்தது அண்ணன் மகனால். எங்களுக்குக் குடியாத்தம். பையனுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள், குழந்தைகளுக்கு வருவதில் அதிகம் காணப்படுகிற ஏ.எல்.எல். வகை. அண்ணனுக்கும் அண்ணிக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலைக்கு விடுப்பு எடுக்க முடிந்தது எனக்குத்தான், அதனால் முதல் இரண்டு மாதம் நானும் அண்ணியும் வேலூரில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். அந்த வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், முதல் மாதம் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதில் பிள்ளைகளுக்கு வரும் பசி சாதாரணப் பசி இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்டு அழும். அதுவும் இன்னதுதான் வேண்டும் என்று அழும், உப்பும் உறைப்புமாக. எங்கள் பையனுக்கு உருளைக்கிழங்கு. அறையில் அடுப்பு வைக்கக் கூடாது. பிரெட்டைக் கொடுத்தால் வீசி எறிவான். அந்த நேரத்தில் இட்லி எங்கே கிடைக்கும் என்று நான் சந்து சந்தாகப் போய்ப் பார்த்தபோதுதான் இந்த வெளிச்சத்தைக் கண்டேன்.

சரி, சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல காரியம் செய்கிறார்கள் என்பதற்காக மோசமான சாப்பாட்டை நல்லது என்று எழுத எனக்கு மனம் வராது. இட்லி நன்றாக இருக்கும். நன்றாக என்றால் நிஜமாகவே நன்றாக. துணி போட்டு வேகவைப்பது, தட்டிலிருந்து எடுக்கும்போது ஆவி அடங்கியிருக்காது. ஆறிய இட்லியைத் திரும்பச் சூடாக்கிப் போடும் வேலை அங்கே கிடையாது. அதற்குக் காரணமும் இருக்கிறது. கீமோ போட்ட பிள்ளைகளுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். 'கவுண்ட் இறங்கிடுச்சு' என்பார்களே, அந்த நாட்களில் நேற்று வைத்தது, திறந்து வைத்தது, பச்சையாக நறுக்கிப் போட்டது எதுவும் ஆகாது. அப்போதுதான் சமைத்துச் சூடாகத் தர வேண்டும். பச்சைத் தேங்காய்ச் சட்னியை அந்தப் பிள்ளைகளுக்கு வைக்க மாட்டார்கள், நாம் கேட்டாலும். கொதிக்கக் கொதிக்கப் பருப்பு, இல்லையென்றால் நன்றாக வெந்த உருளைக்கிழங்கு மசியல். அந்த மசியலில் கொஞ்சம் கடுகெண்ணெய் வாசம் வரும். ஒரு வங்காளி அம்மா சொல்லிக்கொடுத்ததாம், ஆலு சேத்தோ என்று அவர்கள் ஊரில் சோற்றோடு பிசைந்து கொடுப்பார்களாம். எங்கள் பையன் அதை ஒரே வாரத்தில் எவ்வளவு தின்றான் என்று இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தட்டை வைக்கும் முன் அக்கா கேட்பார், "டாக்டரு உப்பு கொறைக்கச் சொன்னாங்களா கண்ணு?" ஸ்டீராய்டில் ரத்த அழுத்தம் ஏறுவது உண்டு என்பதும், வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி போட்ட வாரத்தில் சில பிள்ளைகளுக்குத் தாடை வலித்து மெல்ல முடியாது என்பதும் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை அவர். மடியில் வைத்து ஊட்டியவர்.

பெரியவர்களுக்கு என் பரிந்துரை கத்தரிக்காய் கொத்சு. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் வரும் நாட்களில் போனீர்களானால் பொங்கலோடு வாங்குங்கள். நம் மாவட்டத்துக் கத்தரிக்காய், புவிசார் குறியீடு வாங்கியது, காம்பில் முள் குத்தும், உள்ளே விதை குறைவு, வெந்தால் வெண்ணெய் மாதிரிக் கரையும். எண்ணெய் மட்டும் கொஞ்சம் தாராளம். எட்டு மணிக்கு மேல் பொங்கல் இறுகிவிடுகிறது, சீக்கிரம் போவது நல்லது. காபி சுமார்தான், சிக்கரி தூக்கல். கடைக்கார அண்ணனிடமே, அக்காவின் கணவரிடம், சொல்லியிருக்கிறேன். அவர் டீ குடிக்கிறவர், அதனால் காபியில் அக்கறை இல்லை என்று நினைக்கிறேன். உட்கார இடம் பன்னிரண்டு பேருக்கு, அதுவும் நெருக்கி. வாசலில் இரண்டு படி இருப்பதால் சக்கர நாற்காலி உள்ளே வராது. சொன்னால் வெளியே கொண்டுவந்து தருவார்கள். ஆனால் இந்தக் கடைக்கு வருகிறவர்கள் யார் என்று பார்க்கும்போது ஒரு சாய்தளம் போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

இப்போது டோக்கன். சாப்பிட்டுப் பணம் கட்டும் இடத்தில் சுவரில் ஒரு மரப்பலகை, அதில் வரிசையாக ஆணி, ஆணிகளில் பொன்னிறத்தில் சின்னச் சின்ன வட்டத் தகடுகள். ஒரு தகடு முப்பது ரூபாய், மூன்று இட்லி அல்லது ஒரு பெரிய கிண்ணம் கஞ்சி மசியலோடு. நாம் சாப்பிட்டதற்குக் கொடுத்துவிட்டு, விருப்பம் இருந்தால் கூடுதலாக ஒரு முப்பது கொடுத்து ஒரு தகட்டை ஆணியில் மாட்டிவிட்டு வரலாம். வார்டில் பிள்ளை இருக்கிற யாரும் வந்து ஒரு தகட்டை எடுத்து அக்காவிடம் நீட்டினால் சாப்பாடு வரும். அட்டை காட்டு, சீட்டுக் காட்டு, எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் கேட்பதில்லை. உலகம் முழுக்கக் குழந்தைப் புற்றுநோய்க்கு அடையாளம் பொன்னிற ரிப்பன், செப்டம்பர் அதற்கான மாதம். தகட்டின் நிறம் அதனால்தான் என்று அண்ணன் சொன்னார். பக்கத்தில் ஒரு கரும்பலகையில் தினமும் சாக்பீஸால் எழுதியிருக்கும், நேற்று மீதி இவ்வளவு, இன்று வந்தது இவ்வளவு, எடுத்தது இவ்வளவு. நான் அங்கே போய்வந்த காலத்தில் ஒரு நாள்கூட அந்தக் கணக்கு எழுதாமல் விட்டதைப் பார்த்ததில்லை. மீதி பூஜ்யம் என்று எழுதியிருந்த நாளும் உண்டு. அன்றைக்கும் கேட்டு வந்தவர்களுக்குச் சாப்பாடு போனது. அது கடைக் கணக்கில் போகும், பலகையில் ஏறாது.

முப்பது ரூபாய் இட்லி ஒரு பிள்ளையின் உயிரைக் காப்பாற்றுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நானும் அந்த வார்டுக்குப் போகும் முன்பு கேட்டிருப்பேன். உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வசதியான நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள், வசதியில்லாத பல நாடுகளில் 30 பேர்கூடத் தேறுவதில்லை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது. ஏ.எல்.எல். சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம் நீளும். நம் ஊர்க்காரர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது, சிகிச்சைக்கு அது பெரிய கைதூக்கல், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அறை வாடகையும், மூன்று வேளைச் சாப்பாடும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியும் எந்த அட்டையிலும் வராது. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குகிறவர்களுக்கு அந்த அட்டையும் கிடையாது. எங்கள் பக்கத்து அறையில் இருந்த ஒரு குடும்பம் பையனுக்குக் கொஞ்சம் தெளிவானதும் ஊருக்குப் போய் நிலத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பியது. திரும்பி வரவில்லை. மருந்துக்குப் பணம் இருந்தது அவர்களிடம். தங்கத்தான் இல்லை.

கடைக்காரர்களின் மகளுக்கு ஏழு வயதில் வந்தது, ஒன்பது வயதில் போய்விட்டாள். சிகிச்சை முடிந்து மணியடித்ததுபோல் வீட்டுக்கு வந்து, சில மாதத்தில் திரும்ப வந்த நோய். ரிலாப்ஸ் என்ற சொல்லை அண்ணன் சொல்லும்போது குரல் மாறாது, ஆனால் கை மேஜையைத் துடைத்துக்கொண்டே இருக்கும். அவளுக்கும் ஸ்டீராய்டு மாதத்தில் ராத்திரிப் பசி. விடியற்காலையில் ஒரு கடை திறந்திருக்காதா என்று அவர் அப்போது நடந்த சந்துகளில்தான் இப்போது கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்பு அவருக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை. சமையல் அக்காவுடையது. நாலரை மணி என்ற நேரத்தை முடிவு செய்தது யார் என்று கேட்டேன். "பாப்பாதான்" என்றார். அவள் தினமும் எழுந்து கேட்ட நேரம் அது.

வாசலில் இருக்கும் நித்தியகல்யாணியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அந்தச் செடியை நம் பக்கத்தில் பலர் வீட்டில் வைக்க மாட்டார்கள், சுடுகாட்டுப்பூ என்பார்கள். கடை திறந்த புதிதில் பக்கத்துக் கடைக்காரர் வந்து, வியாபாரம் செய்யும் வாசலில் இதை வைக்காதே என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் 1960களிலிருந்து ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குப் போடுகிற வின்கிரிஸ்டின் இந்தச் செடியில் இருந்து எடுத்ததுதான். வார்டில் ஒரு நர்ஸ் இதைச் சொல்லப்போய், பாப்பா அன்றைக்கே அப்பாவிடம் அந்தச் செடி வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கோட்டை அகழி ஓரமாகப் போய்ப் பிடுங்கி வந்தாராம். அந்தச் செடியின் விதை விழுந்து முளைத்தவைதான் இப்போது இருப்பவை. எங்கள் பையன் அறைக்குத் திரும்பும்போதெல்லாம் அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவான், என் மருந்துச் செடி என்பான்.

கடை முழுக்கத் தேடினாலும் பாப்பாவின் படம் கிடையாது. இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல நினைத்தேன். எங்கள் பையனுக்குப் பணம் போதாமல் போனபோது நாங்கள் ஒரு நிதி திரட்டும் இணையதளத்தை அணுகினோம். அவர்கள் கேட்ட முதல் விஷயம், பையன் மொட்டைத் தலையோடு அழுகிற வீடியோ. அனுப்பிய படத்தில் அவன் சிரிக்கிறான் என்று திருப்பி அனுப்பினார்கள். ஊசி போடும் நேரத்தில் எடுங்கள் என்று போனில் ஒருவர் யோசனை வேறு சொன்னார். அண்ணி அன்றைக்கு அழுத அழுகை பணம் இல்லாததற்காக அழுதது இல்லை. நாங்கள் அதை விட்டுவிட்டு நகையை வைத்தோம். மகளைப் பறிகொடுத்த இவர்களோ அவள் படத்தை உண்டியலில் ஒட்டியிருந்தால் இப்போது வருவதைவிட இரண்டு மடங்கு வரும். அண்ணனுக்கு அது தெரியும். "அவ சிரிச்ச படம்தாம்மா எங்கிட்ட இருக்கு, அதப் பாத்து யாரும் பாவப்பட வேணாம்" என்றார். பிள்ளையின் நினைவாக உதவி செய்வது என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அவள் பட்ட கஷ்டத்தைக் காட்டிப் பணம் கேட்காமல், அவளுக்கு அன்று கிடைக்காததை இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்கச் செய்கிறார்கள்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் கடையில் விலைப்பட்டியலே இருக்காது, அது பாப்பாவின் பிறந்தநாள், தை மாதத்தில் வரும். அவளுக்குப் பிடித்தது ஆற்காடு மக்கன் பேடா. அண்ணன் முதல் நாள் ராத்திரி ஆற்காடு போய் வாங்கி வந்துவிடுவார். சாப்பிட வருகிறவர்களுக்கு இலையில் முதலில் ஒரு பேடா, அப்புறம் டிபன், நாம் கொடுப்பதுதான் விலை. அன்று வரும் மொத்தப் பணமும், முதல் கழிக்காமல், சிகிச்சைக் கணக்கில் பாக்கி இருக்கும் பிள்ளைகளுக்குப் போகிறது. கையில் கொடுப்பதில்லை. மருத்துவமனையில் பணம் கட்டும் கவுண்டருக்கு அவரே போய் அந்தப் பிள்ளையின் எண்ணில் கட்டிவிட்டு, ரசீதை ஒரு நோட்டில் ஒட்டி வைப்பார். பெயர் இருக்கும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி மறைத்திருக்கும். யார் கேட்டாலும் நோட்டைக் காட்டுவார். பெரிய தொகை கொடுக்க வந்த ஒருவரிடம் என் கண் முன்னாலேயே, "சார், நாங்க டிரஸ்ட் இல்ல, எங்ககிட்ட 80ஜி ரசீது கிடைக்காது, வரி விலக்கு வேணும்னா நேரா ஆஸ்பத்திரியிலயே கட்டிடுங்க" என்று அனுப்பிவிட்டார். வந்த பணத்தை இப்படித் திருப்பி அனுப்புகிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பணம் கொடுக்க முடியாதவர்கள் ரத்தம் கொடுக்கப் பெயர் எழுதிவைக்கலாம். இது எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் எங்களுக்கு அது நடந்தது. பையனுக்கு பிளேட்லெட் சரசரவென்று இறங்கி மூக்கில் ரத்தம் நிற்காமல் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை. எடுத்த பிளேட்லெட்டை ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும், ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாது, அதனால் எப்போதும் கையிருப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. குடியாத்தத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க நேரம் இல்லை. நான் கடைக்கு ஓடினேன். அண்ணன் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு நீளநோட்டை எடுத்தார். குரூப் வாரியாகப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்கள் ரத்தம் கொடுத்தால் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும் என்பதால் அந்தத் தேதி. நாலாவது போனில் ஆள் கிடைத்தது, சத்துவாச்சாரியில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவர், அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். அவர் ஒவ்வொரு வருடமும் பேடா சாப்பிட வருகிறவராம்.

குறை என்று சொல்ல எனக்கு இரண்டு உண்டு. பணம் அனுப்பும் கியூ.ஆர். அட்டைகள் இரண்டு, ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று டோக்கனுக்கு, இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நான் ஒருமுறை மாற்றி அனுப்பிவிட்டேன், கண்டுபிடித்துத் திருப்பித் தந்தார்கள். ஆனால் கூட்ட நேரத்தில் குழப்பம்தான், வேறு நிறத்தில் ஒட்டலாம். இன்னொன்று, டோக்கன் பலகை எதற்கு என்று அப்போது தமிழில் மட்டும் எழுதியிருந்தது. விலைப்பட்டியலை மூன்று மொழியில் எழுதியவர்கள் இதை மறந்துவிட்டார்கள். அதனால் யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்கள் அதை ஏதோ சாவி மாட்டும் பலகை என்று நினைத்துக் கடந்து போனதை நான் பார்த்தேன். சொன்ன மறுநாளே ஒரு வங்காளிப் பெண்ணிடம் எழுதி வாங்கி ஒட்டிவிட்டார், இந்தியிலும் ஒட்டியாகிவிட்டது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் நிறைய, தெலுங்கிலும் ஒன்று வேண்டும் என்று போன மாதம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் பையனுக்குச் சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது, இப்போது நாலாம் வகுப்பு. பரிசோதனைக்கு வேலூர் வரும்போதெல்லாம் ரத்தம் எடுக்கும் முன்பே கடைக்குப் போக வேண்டும் என்று அடம். போன முறை அக்கா அவனைப் பார்த்து, "இன்னா கண்ணு, மீசை வந்துடும்போல" என்று கன்னத்தைத் தடவினார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு பாக்கெட்டிலிருந்து சுருட்டிவைத்த பத்து ரூபாய் மூன்றை எடுத்துக் கொடுத்து, எட்டாத ஆணிக்கு எக்கி எக்கித் தகட்டை மாட்டினான். அக்கா உதவிக்குப் போகவில்லை, மாட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் உள்ளே போய்விட்டார், மசியல் கொண்டுவர நேரமானது.

நேரம் காலை நாலரை முதல் பதினொன்று வரை, மாலையில் கிடையாது. வண்டி நிறுத்தச் சந்தில் இடம் இல்லை, மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள். முப்பது ரூபாய் சில்லறையாக இருந்தால் அவர்களுக்கு வசதி.